பின் சக்கரத்தின் ‘டக்’ சத்தமும் வலங்கைமான் சாலைப் பட்டறையும்

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் செல்லும் சாலையில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையைப் பற்றிய மதிப்புரை இது. நான்கு மாதங்களாக என் காரின் பின்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சத்தத்துக்காக, அதற்கு முன் இரண்டு இடங்களில் 11,400 ரூபாய் செலவழித்திருந்தேன். அந்தச் சத்தம் இங்கே 2,130 ரூபாயில் நின்றது. பணம் மிச்சமானதற்காக மட்டும் இதை எழுதவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ளாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டேன் என்று நின்ற ஒரு மெக்கானிக்கை வெகு நாட்களுக்குப் பிறகு பார்த்தேன் என்பதே முதன்மையான காரணம். அந்தப் பட்டறையில் குறைகளும் உண்டு. அவற்றில் ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னுடையது முன் சக்கரங்களால் இயங்கும், பின்புறம் டிரம் பிரேக் கொண்ட, பத்தாண்டுகள் ஓடிய சிறிய கார். சென்ற தீபாவளிக்கு முன்பு பின் பிரேக் ஷூக்களை (டிரம்மை உள்ளிருந்து அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் பட்டைகளை) மாற்றினேன். கார்த்திகை மாதத் தொடக்கத்தில், மெதுவாகச் செல்லும்போது பின்னாலிருந்து ‘டக், டக்’ என்று ஒன்று கேட்கத் தொடங்கியது. அதை முதன்முதலில் தெளிவாகக் கேட்டது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். அந்தக் கேட்டில் காத்து நின்ற அனுபவம் இல்லாதவர் எங்கள் பகுதியில் அரிது. கேட் திறந்து, வரிசை நத்தையாக நகரும்போது, கண்ணாடியை இறக்கி வைத்திருந்த எனக்கு, பக்கத்தில் நின்ற நெல் லாரியின் பக்கப் பலகையில் மோதித் திரும்பிய அந்தச் சத்தம் கடிகாரம் அடிப்பதைப்போல் ஒழுங்காகக் கேட்டது. வேகம் கூடினால் ‘டக்’ நெருங்கியது. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் அது கரைந்துபோய், தரையிலிருந்து எழும் ஒரு தாழ்ந்த ரீங்காரமாக மாறியது. வலப்புறம் வளையும்போது ரீங்காரம் கனத்தது; இடப்புறம் வளைந்தால் மெலிந்தது.

இந்தக் கடைசி வரியிலேயே நோய் எழுதப்பட்டிருந்தது என்பது இப்போது தெரிகிறது. வண்டி வலப்புறம் வளையும்போது அதன் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மீது சாயும். அப்போது கனக்கிற சத்தம் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்கின் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் குண்டு வளையத்தின்) சத்தமாகத்தான் இருக்கும். அன்று எனக்கு இது தெரியாது. நான் முதலில் போன டயர் கடையில் இதை நான் சொன்னபோது யாரும் காதில் வாங்கவும் இல்லை. பின் டயர்களைத் தடவிப் பார்த்தார்கள். ஓரங்களில் மேடு பள்ளமாகத் தேய்ந்திருப்பதால் டயர்தான் கத்துகிறது என்றார்கள். இரண்டு புதிய டயர்கள், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் ஆயிற்று. டயரின் சத்தம் சாலையின் பரப்புக்கு ஏற்ப மாறும். சிமென்ட் சாலையில் உயரும், புதிதாகப் போட்ட தார்ச் சாலையில் அடங்கும். என் காரின் சத்தமோ எந்தச் சாலையிலும் ஒரே சுருதியில் இருந்தது. இதையும் நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே ஒருவர் காரின் பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் அமுக்கி விட்டு, ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார். 3,400 ரூபாய்க்கு இரண்டும் மாறின. ஷாக் அப்சார்பரோ அதன் மேலுள்ள ரப்பர் புஷ்ஷோ தளர்ந்திருந்தால் பள்ளத்தில் விழும்போதும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும்தான் சத்தம் வரும். சமதளத்தில், சக்கரத்தின் சுற்றுக்குச் சுற்று, தாளம் தப்பாமல் அது தட்டாது. மாற்றிய பிறகு பயணம் சற்று மெத்தென்று ஆனது. ‘டக்’ மட்டும் அப்படியே இருந்தது.

இந்தப் பட்டறையைச் சொன்னவர் எங்கள் தெருவில் மினி வேன் ஓட்டும் நண்பர். மாசி மாதத்தின் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். சாலையை ஒட்டிய வாய்க்காலின் மேல் பலகை போட்டு வழி செய்திருக்கிறார்கள். உள்ளே ஒரு டிராக்டர் பாதி பிரிந்து கிடந்தது. பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உதவிக்கு அவருடைய தங்கை மகன். இருபது வயது இளைஞர். நான் வண்டியை விட்டு இறங்கி, “அண்ணே, பின்னாடி பேரிங் போயிடுச்சுன்னு நெனைக்கிறேன், மாத்தணும்” என்று தொடங்கியதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பேரிங்க அப்புறம் பாப்போம் தம்பி. சத்தம் எப்பலேருந்து? அதுக்கு முந்தி பின்சக்கரத்துல என்ன வேல செஞ்சீங்க?”

நான்கு மாதமாகச் சத்தத்தோடு அலைந்த என்னிடம் இந்த இரண்டாவது கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை. தீபாவளிக்கு முன் பிரேக் ஷூ மாற்றியதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டாரே தவிர எதுவும் சொல்லவில்லை. சக்கரங்களுக்குள் குனிந்து பார்த்தார். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வைக்கோல் கிடக்கும். அது அச்சைச் சுற்றிக்கொண்டு, டிரம்முக்கும் பின்தட்டுக்கும் நடுவே நுழைந்து, விதவிதமான சத்தங்களை எழுப்புவதுண்டு. மாசியில் வரும் வண்டிகளில் பாதிக்கு மருந்து ஒரு கொறடுதான் என்றார். வைக்கோல் எதுவும் இல்லை. பிறகு நான்கு சக்கரங்களின் வீல் நட்டுகளையும் ஸ்பேனர் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். தளர்ந்த வீல் நட்டும் இதே ‘டக்’ சத்தத்தைக் கொடுக்கும்; ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய அதை விட்டுவிட்டு அரைநாள் வேறெதையோ பிரித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பட்டறையின் சிறப்பு. என்னையே ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பின்னிருக்கையில் ஏறினார். வலங்கைமான் பக்கம் சிறிது தூரம் போனதும், இருக்கையின் சாய்மானத்தை மடக்கிப்போட்டு, ஏறக்குறையப் படுத்த நிலையில், பின்சக்கரத்தின் மேல் வளைவுத் தகட்டில் காதை வைத்துக்கொண்டார். அரைக் கிலோமீட்டர் இடப்பக்கம், அரைக் கிலோமீட்டர் வலப்பக்கம். கண்ணாடிகளை இறக்கி, ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி மெதுவாகப் போகச் சொன்னார். சுவரில் மோதி வரும் சத்தத்தில் எந்தப் பக்கம் என்பது பிரிந்து தெரியும். திரும்பி வரும்போது, எதிரே யாரும் வராத நேரம் பார்த்து, அதே பாலத்தில் வலப்பக்கச் சுவரை ஒட்டியும் அதே வேகத்தில் ஒருமுறை.

பிறகு காரை நியூட்ரலில் உருள விடச் சொன்னார். சத்தம் மாறவில்லை, ஆகவே இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் அதில் பங்கில்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் நிலையாக ஓட்டச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விரலால் தொடையில் தட்டித் தட்டி எண்ணினார். நொடிக்கு மூன்று. வீட்டுக்கு வந்து நானும் கணக்குப் போட்டேன்: என் காரின் 155/80 ஆர்13 டயருக்குச் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர், ஆகச் சக்கரம் நொடிக்கு மூன்று முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று, சுற்றுக்கு ஒருமுறை இடம் பெயர்ந்து உட்காருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவர் இந்தப் பெருக்கல் எதையும் செய்யவில்லை; விரலால் தட்டியதோடு சரி.

கடைசியாக ஒரு சோதனை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில், அதே மெதுவான வேகத்தில், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இலேசாக ஒரு பல் அளவுக்கு மட்டும் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். ‘டக்’ நின்றது. விட்டேன், மறுபடி வந்தது. நான்கு மாதச் சத்தம் ஒரு பொம்மையைப்போல் என் இடக்கைக்குக் கட்டுப்பட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும் வேலை செய்வது. அதை இழுக்கும்போது ஷூக்கள் விரிந்து டிரம்மை உள்ளிருந்து பிடித்துக்கொள்கின்றன. ஆடிக்கொண்டிருந்த டிரம் அந்தப் பிடியில் ஆடாமல் நிற்கிறது. ஆகவே சத்தம் நின்றது என்றால், ஆட்டம் டிரம்மிலோ அதைத் தாங்கும் ஹப்பிலோதான் (சக்கரத்தின் மையப் பகுதியில்தான்) இருக்க வேண்டும்; டயரிலும் ஷாக் அப்சார்பரிலும் தேடிப் பயனில்லை. (இதை வேகமாகப் போகும்போதோ மழை ஈரத்திலோ செய்து பார்க்கக் கூடாது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.)

பட்டறைக்குத் திரும்பியதும், “பேரிங் இன்னும் முழுசாப் போகல தம்பி. ஹப்பு லூசு” என்றார். அதோடும் விடவில்லை, தூக்கிப் பார்த்த பிறகுதான் முடிவு என்றார். முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, இடப் பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். கடிகாரத்தின் பன்னிரண்டும் ஆறும் போல் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினார்; பிறகு மூன்றும் ஒன்பதும் போல் பக்கவாட்டில். இரண்டு நிலையிலும் ஆட்டம் இருந்தது. என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்: டயரின் ஓரத்தில் ஏறக்குறைய அரிசி நீளத்துக்கு ஓர் அசைவு, அதன் முடிவில் உள்ளுக்குள் எங்கோ இரும்பு இரும்பைத் தொடும் ஒரு சிறு ‘க்ளிக்’. இப்போது இளைஞரை உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். ஆட்டம் மறைந்தது. பிரேக்கை மிதித்த பிறகும் அசைவு இருந்திருந்தால் குற்றம் அச்சின் புஷ்ஷில் என்று பொருள். மிதித்ததும் மறைந்ததால் அது ஹப்புக்கும் அதைத் தாங்கும் அச்சுமுனையான ஸ்பிண்டிலுக்கும் நடுவில் என்பது முடிவாயிற்று. சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, சுருள்வில்லின் மீது விரல் நுனிகளை வைத்துப் பார்த்தார். பேரிங்கின் குண்டுகள் தேய்ந்து சொரசொரத்திருந்தால் அந்த அதிர்வு வில்லில் வந்து விரலுக்குத் தெரியும். சற்று இருக்கிறது, அதிகமில்லை என்றார். ஒப்பிட்டுப் பார்க்க வலப் பின் சக்கரத்தையும் தூக்கி இதையெல்லாம் செய்தார். அது கல்லாக நின்றது.

இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. இதுவரை அவர் ஒரு பாகத்தையும் கழற்றவில்லை.

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் நடுவில் கிண்ணம் போல் இருக்கும் தகர மூடியைத் தட்டி எடுத்ததும் குற்றம் வெளியே தெரிந்தது. இந்த வகைக் கார்களில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. பேரிங் அதற்குள்ளேயே அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் இருக்கும் ஒரே ஒரு பெரிய நட்தான் எல்லாவற்றையும் ஸ்பிண்டிலோடு சேர்த்துப் பிடிக்கிறது. எனவே ஷூ மாற்றுவதற்கே இந்த நட்டைக் கழற்றியாக வேண்டும். அந்த நட்டின் மெல்லிய விளிம்பை, ஸ்பிண்டிலில் இருக்கும் பள்ளத்துக்குள் உளியால் தட்டி மடக்கி விடுவார்கள். அந்த மடிப்புதான் நட் தானாகச் சுழலாமல் காக்கும் பூட்டு. என் காரில் பழைய மடிப்பு ஒன்று கிழிந்து, பள்ளத்துக்குப் பக்கத்தில் பல்லிளித்துக்கொண்டிருந்தது. புதிய மடிப்பு போடப்படவே இல்லை. நெம்பு குழாய் மாட்டி முழு பலத்தோடு திருப்ப வேண்டிய நட், சாதாரணப் பிடியில் ஒரு கையால் திரும்பியது.

எனக்கு அப்போதுதான் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கு முன் ஷூ மாற்றிய இடத்தில், மெக்கானிக் அந்த நட்டை நன்றாக இறுக்கிவிட்டு, பிறகு நிதானமாகக் கால் சுற்று தளர்த்தினார். நான் அருகில் நின்று பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, “பேரிங் சூடாகாம இருக்கணும்ல சார்” என்றார். அந்த நுணுக்கத்தை நான் வியந்தேன் என்பதுதான் வேடிக்கை.

இதைச் சொன்னதும் பட்டறைக்காரர் மூலையில் பிரிந்து கிடந்த டிராக்டரைக் காட்டினார். டிராக்டரின் முன் சக்கரத்தில் இருப்பது ஒன்றையொன்று எதிர்நோக்கிய இரண்டு டேப்பர் பேரிங்குகள். அவற்றில் உருளைகள் சாய்வாக நிற்பதால், நட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு உருளைகள் நெரிபடும். ஆகவே இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, சிறிது தளர்த்தி, நட்டின் காடியில் காட்டர் பின் என்ற பூட்டு ஊசியைச் செருகுவது அங்கே சரியான முறை. டெல்டாவில் மெக்கானிக் ஆகிறவர்களில் பலரும் டிராக்டரிலும் லாரியிலும் கை பழகியவர்கள். அந்தக் கைப்பழக்கத்தைச் சிறிய காருக்குக் கொண்டுவரும்போதுதான் வினை. இந்தக் காரில் இருப்பது சீல் வைத்த, இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட ஒற்றைப் பேரிங். அதற்குள் இருக்க வேண்டிய இடைவெளியைத் தயாரித்தவர்களே தீர்மானித்துவிட்டார்கள். நட்டின் வேலை, உள்வளையத்தை ஸ்பிண்டிலின் தோள் மீது அசையாமல் நெருக்கிப் பிடிப்பது மட்டும்தான். அதைக் கையேட்டில் சொன்ன முழு அளவுக்கு இறுக்க வேண்டும், அதற்குப் பிறகு தொடக் கூடாது. தளர்த்தினால் உள்வளையம் ஸ்பிண்டிலின் மீதே நழுவிச் சுழல ஆரம்பிக்கும். டிராக்டர் வைத்தியம் காருக்கு ஆகாது என்பது அவர் சொல்.

இடப்பக்கம் மட்டும் ஏன் தளர்ந்தது, இரண்டு பக்கமும் ஒரே ஆள்தானே வேலை செய்தார் என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை நான் எங்கும் படித்ததில்லை. இரண்டு பக்க நட்டுகளும் வலப்பக்கம் திருப்பினால் இறுகும் சாதாரண மரைதான். வண்டி முன்னே போகும்போது, வெளியே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கச் சக்கரம் வலஞ்சுழியாகவும் இடப்பக்கச் சக்கரம் இடஞ்சுழியாகவும் சுழலும். நழுவுகிற உள்வளையம் தன்னோடு நட்டையும் இழுக்கும் என்பதால், வலப்பக்கத்தில் அந்த இழுப்பு நட்டை இறுக்குகிறது, இடப்பக்கத்தில் தளர்த்துகிறது. “திருவலஞ்சுழிப் பக்கம் திரும்புனா இறுக்கம், எதிர்ப்பக்கம் திரும்புனா வழுக்கல்” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பூட்டுமடிப்பு ஒழுங்காக இருந்திருந்தால் இந்தச் சுழியெல்லாம் ஒன்றும் செய்திருக்காது.

டிரம்மை இழுத்து எடுத்து ஸ்பிண்டிலைத் துணியால் துடைத்தார். பேரிங் உட்காரும் இடத்தில் வளையமாக ஒரு தேய்மானத் தடம், பளபளப்பாக. நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. நகம் தட்டியிருந்தால் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டியிருக்கும், அது பெரிய செலவு. பேரிங்கை விரலால் சுழற்றினால் மணல் அரைபடுவது போன்ற உணர்வு எனக்கே தெரிந்தது. சீலின் ஓரத்தில் கிரீஸ் கறுத்துக் கசிந்திருந்தது. மழைக்காலத்தில் சாலையை மூழ்கடித்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை வண்டியை ஓட்டியதை ஒப்புக்கொண்டேன். ஆடுகிற ஹப்பின் சீலுக்குத் தண்ணீரைத் தடுக்கும் வலிமை இருக்காது.

இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. நட்டை மட்டும் இறுக்கினால் ‘டக்’ அன்றைக்கே நின்றுவிடும். செலவும் நூறு இருநூறோடு முடியும். ஆனால் நான்கு மாதம் தளர்ந்து ஓடிய பேரிங் ரீங்காரத்தை விடாது, சில மாதங்களில் மறுபடி வர வேண்டியிருக்கும் என்றார். மாற்றுவது என் விருப்பம் என்று விட்டார். மாற்றச் சொன்னேன். வலப்பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று நானே கேட்டபோது, ஆடாததை எதற்கு மாற்ற வேண்டும் என்று மறுத்துவிட்டார். ஆனால் அந்தப் பக்கத்து மூடியையும் திறந்து, நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கி, மடிப்பைப் போட்டுக் கொடுத்தார். அதற்குத் தனியே காசு வாங்கவில்லை.

பேரிங்கும் புதிய நட்டும் வாங்கிவர இளைஞர் கும்பகோணம் போய் வந்தார். மடிக்கப்பட்ட நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் ஒருமுறை மடங்கிய விளிம்பு இரண்டாம் முறை கிழிந்துவிடும். பழைய பேரிங்கை எடுக்கவும் புதியதை ஏற்றவும் பிரஸ் என்ற அழுத்து இயந்திரம் வேண்டும். பட்டறையில் பிரஸ் இல்லாததால் டிரம் ஒரு லேத் பட்டறைக்குப் போய் வந்தது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் குண்டுகள் ஓடும் தடத்தில் தழும்பு விழும், புதுப் பேரிங்கே கத்தும் என்பதால் அவர் இதில் அவசரப்படவில்லை. பூட்டும்போது ஓர் எண்ணெய்த் துணிக்குள் சுற்றி வைத்திருந்த டார்க் ரெஞ்சை (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனரை) எடுத்தார். சாலையோரப் பட்டறையில் அதைக் காண்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காருக்குக் கார் மாறும் அந்த அளவை, கசங்கிய ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேடி எடுத்துத்தான் இறுக்கினார். பின் மழுங்கிய உளியால் இரண்டே தட்டு. நட்டின் விளிம்பு பள்ளத்துக்குள் படிந்து உட்கார்ந்தது.

இனி குறைகள். மாலை நான்கு மணிக்குத் தருவதாகச் சொன்ன வண்டி ஏழரைக்குக் கைக்கு வந்தது. லேத்தில் கூட்டம் என்பது உண்மைதான், ஆனாலும் ஒரு போன் செய்திருக்கலாம். ரசீது கேட்டதற்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: பேரிங் 950, நட் 80, லேத் 200, கூலி 900. கடைக்காரரின் பேரிங் பில்லையும் அதன் காலி அட்டைப் பெட்டியையும் கேட்காமலே கொடுத்துவிட்டார் என்பதால் இதைப் பெரிதுபடுத்தவில்லை. சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றும்போது அதன் இரண்டு கொக்கிகள் உடைந்துவிட்டன.

மன்னிக்க முடியாதது வேறொன்று. அந்தப் பட்டறையில் கார் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு ஒன்றுகூட இல்லை. டிரம்மைக் கழற்றியிருந்த நேரம் முழுவதும் கார் ஒரு ஜாக்கியின் மீதும், பாதுகாப்புக்கென்று வைத்த ஒரு மரக்கட்டையின் மீதும்தான் நின்றது. தரையோ மிதித்தால் இறங்கும் வண்டல் மண். அந்த நிலையில் இளைஞர் அடியில் தலையை விட்டுப் பிரேக் குழாயைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. சொன்னேன், “பழக்கம் தம்பி” என்றார். சக்கரத்தைக் கழற்றிக் காரின் அடியிலேயே படுக்க வைத்தால்கூடக் கூடுதல் காப்பு. டார்க் ரெஞ்ச் வாங்கத் தெரிந்தவருக்கு ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்குவது பெரிய காரியமல்ல. ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், நோயைக் கண்டுபிடித்ததற்கு ஐந்தும், வேலைக்கு நாலரையும், பாதுகாப்புக்கு ஒன்றும் போடுவேன்.

ஏசி அறை, காத்திருக்கும் இடம், கணினி ரசீது, காப்பீட்டு வேலை ஆகியவை வேண்டுவோருக்கு இது உகந்த இடமில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள புதிய கார்களில் ஹப் தளர்ந்தால், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் இடைவெளி மாறி, எச்சரிக்கை விளக்கும் எரியலாம். அதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் இவரிடம் இல்லை, அதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். எங்கிருந்து என்று தெரியாத சத்தத்தோடு அலைகிறவர்கள், அதிலும் பின் பிரேக் வேலை செய்த சில வாரங்களில் சத்தம் தொடங்கியவர்கள், ஒருநாளை ஒதுக்கிக்கொண்டு தாராளமாகப் போகலாம். ஒதுக்க நாள் இல்லையென்றால், வேறெங்காவது தூக்கி ஆட்டியாவது பார்த்துவிடுங்கள். என் காரைப் போன்ற அமைப்பில் அந்த ஒரு நட் முழுவதும் கழன்றால், டிரம்மும் சக்கரமும் சேர்ந்தே ஸ்பிண்டிலை விட்டு வெளியே வந்துவிடும். அதை நிறுத்த மெல்லிய தகர மூடியைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை.

ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மட்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார், பார்த்தேன், அசையவில்லை. இப்போது 1,800 கிலோமீட்டர் ஆகிறது. அதே கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை இறக்கி ஓட்டினேன், நீடாமங்கலம் கேட்டிலும் லாரியின் பக்கத்தில் ஊர்ந்தேன். டயர் தரையில் உரசும் சத்தம் தவிர வேறொன்றும் திரும்பி வரவில்லை. சென்ற ஞாயிறு வீட்டில் ஜாக்கி போட்டு, முன் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். கல்லாக நிற்கிறது. உடைந்த பிளாஸ்டிக் மூடிக்குப் பதில் வேறொன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் முன் பிரேக் பார்க்கப் போகும்போது அதையும் கேட்டு வாங்க வேண்டும்.